ஒரு வருடக் காசை எங்கே போடுவது: கூட்டமா, வீட்டு வாசலா, மில் வாசலா, ஜி.எச்.சா?

வேடசந்தூர், பல்லடம், திருப்பூர் பக்கம் ஒரு வட்டாரம். பஞ்சு மில்லும் பனியன் கம்பெனியும்தான் அங்கே பெண்களுக்குச் சோறு போடுகின்றன. அந்த வட்டாரத்தில் பாலியல் வன்முறையைத் தடுக்கும் வேலையைச் செய்ய ஒரு சிறு அமைப்பு முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு வருடத்துக்கான பணம். களத்துக்குப் போக மூன்று பெண்கள். எதிலிருந்து தொடங்குவது?

பெரும்பாலும் விழிப்புணர்வுக் கூட்டத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். மண்டபம் பிடிக்கலாம், மைக் வைக்கலாம், துண்டறிக்கை கொடுக்கலாம், இத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கையில் எழுதலாம். வீடு வீடாகப் போவது, தொழிற்சங்கத்தோடு சேர்ந்து மில்லுக்குள் வேலை செய்வது, அரசு மருத்துவமனையில் உதவிக்கு ஏற்பாடு செய்துவைப்பது என்று இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. நான்கில் கூட்டம்தான் கடைசியில் வர வேண்டும் என்பது எங்கள் முடிவு.

ஒப்பிடுவதற்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் போதும். ஒரு பெண் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். அடுத்த 72 மணி நேரத்தில் அவளுக்கு என்ன நடக்கும்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். மற்றவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வேலை போகும், வீட்டில் அடி விழும், ஊரில் பேச்சு வரும்.

காலனியில் இருக்கும் பெண்ணுக்கு இதற்கு மேல் ஒன்று உண்டு. கை வைத்தவன் ஊர்த்தெரு ஆள் என்றால், அவள் அப்பனுக்குக் கூலி கொடுப்பவர், வட்டிக்குப் பணம் கொடுத்தவர், பஞ்சாயத்தில் உட்காருபவர் எல்லோரும் அந்தத் தெருவில்தான் இருப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணுக்கோ புகாரை எந்த மொழியில் சொல்வது என்பதே முதல் சிக்கல். ஆகவே சாதியையும் புலம்பெயர்வையும் ஒதுக்கிவைத்துவிட்டு இந்த வேலையைத் திட்டமிட முடியாது. இன ஒதுக்கலுக்கு எதிரான 1965-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் ‘வம்சாவளி’ என்றொரு சொல் இருக்கிறது. சாதி அதில் அடங்கும் என்று 2002-இல் அந்த உடன்படிக்கைக்கான குழு தன் 29-ஆம் பொதுப் பரிந்துரையில் சொன்னது. சாதி வேறு, இனம் வேறு என்பது இந்திய அரசின் நிலை. சட்ட வாதம் எப்படிப் போனாலும், கறுப்பினப் பெண்களோடும் புலம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர்களோடும் அமெரிக்காவில் செய்து பார்த்த வேலைகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை நிறைய உண்டு. 1944-இல் அலபாமாவின் ஆபிவில் ஊரில் ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் கும்பல் வல்லுறவு செய்தபோது, விவரம் திரட்ட அந்த ஊருக்குப் போனவர் ரோசா பார்க்ஸ். பஸ் இருக்கைக்காக அவர் பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது அதற்கு 11 ஆண்டுகள் கழித்துத்தான். ஆபிவில் வழக்கில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

முதலில் கூட்டமும் பள்ளி வகுப்பும். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் பாலியல் வன்முறைத் தடுப்புத் திட்டங்களைப் பற்றிய 140 மதிப்பீடுகளைச் சலித்துப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். நடத்தையை உண்மையிலேயே மாற்றியதாக உறுதியான சான்று கிடைத்தது மூன்றே மூன்றுக்கு. ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகும் வகுப்பு அந்த மூன்றில் இல்லை. அந்த மாதிரி வகுப்பு முடிந்த கையோடு கேள்வித்தாள் கொடுத்தால் மதிப்பெண் கூடும், சில வாரத்தில் பழையபடி இறங்கிவிடும். தேறிய மூன்றில் ஒன்று நியூயார்க் நகர நடுநிலைப் பள்ளிகளில் நடந்தது. பள்ளிக் கட்டடத்தில் எந்த இடம் பயமாக இருக்கிறது என்று பிள்ளைகளையே வரைபடத்தில் குறிக்கச் சொல்லி, அங்கெல்லாம் ஆசிரியர்களை நிறுத்தினார்கள். பேச்சைவிட இது வேலை செய்தது.

இதை இங்கே சாக்பீஸ் ஒன்றை வைத்தே செய்யலாம். காலனிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சிமெண்ட் தரையில் சுற்றி உட்காரவைத்து ஊரை வரையச் சொல்லுங்கள். வீடு, தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, கருவேலங்காடு, மில் வேன் நிற்கும் இடம், டாஸ்மாக். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது எங்கே நடையை எட்டிப் போடுகிறீர்கள் என்று கேட்டுச் சிவப்பு சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். வேன் காலனிக்குள் வராமல் ஊர் முக்கிலேயே இறக்கிவிட்டுப் போவது, கழிப்பறைக்குக் கதவு இல்லாதது, எரியாத தெருவிளக்கு என்று அரை மணி நேரத்தில் மூன்று நான்கு இடங்கள் சிவந்துவிடும். கலைவதற்கு முன் அதைத் தாளில் பெயர்த்து, வேனுக்கு மில் நிர்வாகத்திடமும் விளக்குக்குக் கிராம சபையிலும் மனு கொடுக்கலாம். கூட்டம் என்று ஒன்றை நடத்தியே தீர வேண்டுமென்றால் இதை நடத்துங்கள்.

கூட்டம் கெட்டுப்போவதற்கு மேடைப் பேச்சை விட இடமும் பின்விளைவும்தான் காரணம். ஊர் மந்தையிலோ கோயில் மண்டபத்திலோ வைத்தால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள்; வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து எழுந்து போய்விடுவார்கள். காலனியில் வைத்தால் ஊர்ப் பெண்கள் வருவதில்லை. இரண்டு இடத்திலும் தனித்தனியாக நடத்துங்கள். முதல் கூட்டம் காலனியில் இருக்கட்டும். பள்ளி வகுப்பில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ‘தொட்டால் சொல்லு’ என்று சொல்லிக் கொடுத்த அன்று மாலையே ஒரு பிள்ளை வந்து சொல்லும். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. இது தெரியாத பேச்சாளர் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் அதை மீறுவார். அந்தப் பிள்ளை அதன் பிறகு எந்தப் பெரியவரையும் நம்பாது.

ஆண்களோடும் பையன்களோடும் செய்யும் வேலையை இந்த முதல் வழியின் நீட்சியாகவே வைக்கலாம். கென்டக்கி மாநிலத்தில் 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஐந்து ஆண்டு நடந்த ‘கிரீன் டாட்’ சோதனை, பக்கத்தில் இருப்பவர் தலையிடப் பழகினால் வன்முறை குறையும் என்று காட்டியது. பலன் தெரிந்தது மூன்றாவது, நான்காவது ஆண்டுகளில். மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்கள் வழியாக ‘பரிவர்த்தன்’ என்ற பெயரில் இதேபோன்ற வேலை நடந்தது. இங்கே கபடிக் குழுக்களை வைத்துச் செய்யலாம். ஆனால் ஒரு வருடக் காசில் இதன் பலனைப் பார்க்க முடியாது.

வீட்டு வாசலுக்குப் போவது இரண்டாவது வழி. தமிழ்நாட்டில் வீட்டு வாசலுக்கு ஏற்கெனவே ஆள் போகிறது. கிராம சுகாதார செவிலியர் போகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் போகிறார். அவர்களையே இந்த வேலைக்கும் பழக்கிவிடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அவர்களுக்கு ஏற்கெனவே இலக்கு, பதிவேடு, ஆப் என்று கழுத்துவரை வேலை. கூடவே அவர் அரசு ஆள். அவரிடம் சொன்னால் ஆபீசில் பதிவாகிவிடும் என்ற பயம் பெண்களுக்கு இருக்கும். அவர்களிடம் ஒரே ஒரு உதவி கேட்டால் போதும். சந்தேகம் வந்தால் அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு உங்கள் களப்பணியாளரின் எண்ணைக் கொடுக்கட்டும்.

வாசலுக்குப் போய்ச் செய்யும் வேலைக்கு நல்ல முன்மாதிரி உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ‘சாசா’. கூட்டம் போடாமல், 400-க்கும் மேற்பட்ட உள்ளூர் ஆட்கள் தங்கள் தெருவிலேயே, முடிவெட்டும் கடையிலும் சந்தையிலும் வாசல்படியிலும் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2007-இலிருந்து 2012 வரை எட்டுப் பகுதிகளில் ஒப்பிட்டுப் பார்த்ததில், வேலை நடந்த பகுதிகளில் கணவன் கையால் அடிபட்ட பெண்களின் விகிதம் மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. பகுதிகள் எட்டே எட்டு என்பதால் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் எத்தனை ஆண்டு, எத்தனை பேர் என்று பாருங்கள். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தில் ‘சாசா’ நடத்த முடியாது. ஒரு காலனி, ஆளுக்கு 60 வீடு, மாதம் ஒரு முறை என்ற அளவில் வைத்துக்கொண்டால் பழக்கம் வரும். 200 வீடு என்று கணக்குக் காட்டினால் துண்டறிக்கை கொடுத்துவிட்டு வருவது மட்டும்தான் நடக்கும்.

போகிறவர் எந்தத் தெருக்காரர் என்பது இங்கே பெரிய கேள்வி. அதே காலனிப் பெண் என்றால் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். ஆனால் பங்காளி, மாமியார் வழி என்று உறவு வந்து குறுக்கே நிற்கும். ‘அவகிட்ட சொன்னா நாளைக்கு ஊரே பேசும்’ என்பார்கள். வெளியூர்ப் பெண் என்றால் ரகசியம் தங்கும், நம்பிக்கை வர ஆறு மாதம் பிடிக்கும். ஒரே சமூகத்தைச் சேர்ந்த, பக்கத்து ஊர்க்காரரை அனுப்புவது நடைமுறையில் சரியாக வருகிறது. ஊர்த்தெருப் பெண்ணைக் காலனிக்கு அனுப்பி, அவர் அங்கே தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பினால் வேலை அன்றோடு முடிந்தது. ஆள் எடுக்கும்போதே இதை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும்.

கேட்கும் முறைக்கும் பழக்கம் வேண்டும். மாமியாரோ கணவனோ பக்கத்தில் இருந்தால் பிரஷர் பார்த்துவிட்டு, மாதவிடாய் பற்றியோ குழந்தையின் எடை பற்றியோ பேசிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். கேள்வி நேராக இருக்கட்டும்: ‘வீட்லயோ வேலை எடத்துலயோ யாராச்சும் உங்களுக்கு இஷ்டமில்லாம தொட்டாங்களா, மிரட்டுனாங்களா?’ பதில் வந்தால் பதிவேட்டில் எழுதக் கூடாது. எண் மட்டும் போட்டு, பெயரைத் தனி நோட்டில் பூட்டிவைக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் ‘இன்னார் வீட்டில் பிரச்சினை’ என்று ஒரு வரி போனாலும் போதும், அடுத்த தெருவுக்குப் போய்விடும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். நல்ல எண்ணத்தில் போட்டேன் என்பது பதிலாகாது.

அடுத்து, போகும் பெண்ணின் பாதுகாப்பு. ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்த பன்வாரி தேவி ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்க 1992-இல் ஆதிக்க சாதி ஆட்கள் அவரைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். 1995-இல் கீழ்நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த அநீதியை ஒட்டித்தான் உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பும், பிறகு 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தன. நாடு முழுக்க வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர், இந்த வாசல் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு பெண். இருவர் இருவராக அனுப்புவது, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் குறித்துவைப்பது, மாலை ஆறுக்கு மேல் போன் வராவிட்டால் தேடிப் போவது எல்லாம் திட்டச் செலவிலேயே இருக்க வேண்டும். மூன்று பேரில் இருவர் சேர்ந்து போனால் ‘வீடு எண்ணிக்கை பாதியாகுமே’ என்று நிதி கொடுப்பவர் கேட்பார். பாதியாகட்டும்.

மூன்றாவது மில் வாசல். மேலே சொன்ன 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை முடிவு. போர்டு பெரும்பாலும் சுவரில் தொங்கும். அந்தக் குழுவில் யார் யார் என்று நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் நிற்கும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஹெச்.ஆர். மேடம், ஹாஸ்டல் வார்டன், ஒரு சூப்பர்வைசர் என்பாள். யார் மீது புகாரோ அவர்களோடு தினமும் டீ குடிப்பவர்களிடமே புகார் கொடுக்க வேண்டும். ஆடிட்டுக்கு ஆள் வரும் அன்று என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பயிற்சி வகுப்பு நடத்துகிறோம் என்று வெளி அமைப்பு போனால் நிர்வாகம் வாசல் கதவைத் திறந்துவிடும், ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தும், போட்டோ எடுத்துக்கொள்ளும். லைனில் நிற்கும் பெண்ணுக்கு மறுநாள் எதுவும் மாறியிருக்காது.

இந்த இடத்தில் நடந்த உண்மையான மாற்றம் 2022 ஏப்ரலில் வந்த திண்டுக்கல் ஒப்பந்தம். 2021 ஜனவரியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டோடும் போட்ட ஒப்பந்தம் அது. 25 தொழிலாளிக்கு ஒரு பெண் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்து பயிற்சி கொடுக்கிறது. பாலியல் துன்புறுத்தலோடு சாதி, புலம்பெயர்வு அடிப்படையில் காட்டும் பாகுபாட்டையும் அது தடை செய்கிறது. சுதந்திரமான மதிப்பீட்டாளர்கள் பரிகாரம் உத்தரவிடலாம். நிறுவனம் மீறினால் பிராண்டின் ஆர்டரில் கை வைக்கப்படும் என்பதுதான் இதன் பல். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தக்காளித் தோட்டங்களில் இமோகலி ஊர்த் தொழிலாளர்கள் கொண்டுவந்த நியாய உணவுத் திட்டமும் இதே மாதிரிதான் இயங்குகிறது. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைட்டியிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கள் சக தொழிலாளர்களுக்குக் கூலி நேரத்திலேயே உரிமைகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 24 மணி நேரமும் புகார் எண் உண்டு. கை வைத்த மேஸ்திரியை வேலையை விட்டு அனுப்பாத பண்ணையிடம் பெரிய கம்பெனிகள் வாங்குவதை நிறுத்துகின்றன.

நான்கு வழிகளில் வன்முறை நடக்கும் முன்பே நிறுத்தும் பலம் இதற்குத்தான் அதிகம். ஆனால் இது மூன்று களப்பணியாளர்களால் முடிகிற வேலையில்லை. சங்கம் வேண்டும், வாங்கும் பிராண்ட் எது என்று தெரிய வேண்டும், பேச்சுவார்த்தைக்கு வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். உள்நாட்டுச் சந்தைக்கு நூல் விற்கும் மில் என்றால் பிராண்ட் என்ற பிடியே கிடையாது. உங்கள் வட்டாரத்தில் சங்கம் இருந்தால் தனியாகப் போகாமல் அதோடு சேருங்கள். இல்லையென்றால், மில் வேன் நிறுத்தத்தில் நிற்கும் பெண்களிடம் மாவட்ட உள்ளூர் புகார்க் குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையில் வேலை செய்பவரும், முதலாளி மீதே புகார் உள்ளவரும், வீட்டு வேலை செய்பவரும் போக வேண்டிய இடம் அது. கலெக்டர் ஆபீசில் அதன் தலைவர் யார், புகாரை எங்கே கொடுப்பது என்று முதலில் நீங்கள் போய்க் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது ஜி.எச். நிதி கேட்கும் மனுவில் இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. தடுப்பு வேலை இல்லையே, நடந்த பிறகு செய்வதுதானே என்பார்கள். சொன்ன பெண்ணுக்கு நல்லபடியாக நடந்தது என்று காலனிக்குத் தெரிந்தால்தான் அடுத்த பெண் முதல் மிரட்டலிலேயே வந்து சொல்வாள். மும்பையில் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000-இல் சேஹத் என்ற சுகாதார ஆய்வு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து தொடங்கிய ‘திலாசா’ இதற்கு முன்னோடி. மருத்துவமனை ஊழியர்களையே ஆலோசகர்களாகப் பழக்கி, அந்த வேலையை மருத்துவமனையின் வேலையாகவே ஆக்கினார்கள். பிறகு வேறு மருத்துவமனைகளுக்கும் அது பரவியது. நம் மாவட்டங்களில் சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. காலனியிலிருந்து அங்கே போய்ச் சேரும் பாதைதான் இல்லை.

அந்த 72 மணி நேரத்தில் நடக்க வேண்டியதைப் பார்ப்போம். கர்ப்பத் தடுப்புக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரு வேளை, எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறார்களோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் இந்த மாத்திரை இருக்காது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஜி.எச்.சிலும் இருப்பு உண்டா என்று மாதம் ஒரு முறை கேட்டு வைக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இரவில் அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பல இடங்களில் நர்சுக்கே தெரியாது. காலையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம் திறக்கட்டும் என்று உட்காரவைத்துவிடுவார்கள். தடய மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. குளித்துவிட்டாள், துணி மாற்றிவிட்டாள் என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. மாற்றிய துணியைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். பாலித்தீன் கவரில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுப்போகும். களப்பணியாளரின் பையில் நாலைந்து பிரவுன் கவர், மாற்றுடுப்பு ஒரு செட், நாப்கின், தண்ணீர், ஆட்டோவுக்குக் காசு வைத்த உறை, பேனா, எண்கள் எழுதிய அட்டை இருந்தால் போதும்.

மருத்துவமனை வாசலில் சொல்லக்கூடிய சட்டம் மூன்று வரிதான். அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ காசு வாங்காமல் உடனே சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு. மறுத்தால் நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவில் ஓர் ஆண்டுவரை சிறை. சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். காப்பி கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும். ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது வயது வந்த பெண்ணின் முடிவு. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் சொல்லிவிட்டது. இதையெல்லாம் சண்டைக்காரராக நின்று சொன்னால் கதவு அடைபடும். முன்கூட்டியே போய் மகப்பேறு மருத்துவரையும் கேசுவாலிட்டி ஸ்டாஃப் நர்ஸையும் பார்த்து, வழிகாட்டுதலின் நகலைக் கையில் கொடுத்துப் பழகிவைத்திருந்தால் இரவு 11 மணிக்குக் குரலை உயர்த்த வேண்டியிருக்காது.

காவல் நிலையத்தில் சாதி வந்து நிற்கும். தலித், பழங்குடிப் பெண் என்றால் எஃப்.ஐ.ஆரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுந்து வர வேண்டும். அது இல்லையென்றால் டி.எஸ்.பி. மட்டத்து விசாரணை இல்லை, நிவாரணம் இல்லை. ஒரு வாக்கியம் எப்படிக் காலை வாரும் என்பதற்கு 2021-இன் பட்டான் ஜமால் வலி தீர்ப்பைப் பார்க்கலாம். பார்வையற்ற தலித் இளம்பெண் ஒருவரின் வழக்கு அது. பால், சாதி, ஊனம் மூன்றும் ஒன்றாக ஒரு பெண்ணை எப்படி அழுத்துகின்றன என்று உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனை நின்றது; வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனை நிற்கவில்லை. சாதியை முன்னிட்டே குற்றம் நடந்தது என்று அப்போதிருந்த சட்டம் நிரூபிக்கச் சொன்னது. 2016 ஜனவரி 26 முதல், பெண்ணின் சாதி குற்றவாளிக்குத் தெரிந்திருந்தாலே போதும். அவளையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவன் என்றால் சாதியும் தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் கொள்ளும். ஆகவே புகாரிலேயே ‘இவர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் குடும்பத்தைத் தெரியும், நாங்கள் இன்ன தெரு’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி விட்டுப்போய் வழக்குகள் பலவீனப்படுகின்றன.

2016 விதிகளின்படி வல்லுறவுக்கு 5 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம். பாதி மருத்துவ அறிக்கை உறுதி செய்த பிறகு, கால்வாசி குற்றப்பத்திரிகையின்போது, மீதி விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு முடிந்ததும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் முதல் தவணையே மாதக்கணக்கில் நிற்கும். வாசலுக்குப் போகும் நாட்களில் காலனியில் யார் யாருக்குச் சான்றிதழ் இல்லை என்று பார்த்து விண்ணப்பிக்க வைத்துவிட்டால், அது படிப்புக்கும் உதவும், இதற்கும் உதவும்.

வழக்கு ஒரு வருடத்தில் முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைச் சோதனை என்று நுழைந்த அரசுப் படையில் இருந்தவர்கள் 18 மலைவாழ் பெண்களை வல்லுறவு செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை என்று தீர்ப்பு வந்தது 2011-இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். 31 வருடம் அந்தப் பெண்களோடு ஆட்கள் நின்றதால்தான் அது நடந்தது. நிதி முடிந்ததும் போனை அணைத்துவிடும் அமைப்பு முதல் நாளே அதைச் சொல்லிவிட்டு, வழக்கை ஏற்றுக்கொள்ளும் வக்கீலையோ சங்கத்தையோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ கையோடு சேர்த்துவிட வேண்டும்.

மூன்று பேர், ஒரு வருடம் என்றால் எங்கள் கணக்கு இப்படி: முதல் மூன்று மாதம் ஜி.எச்., மகளிர் காவல் நிலையம், சகி மையம், இரவு ஆட்டோ. நான்காவது மாதத்திலிருந்து ஒரே ஒரு காலனியில் வீட்டு வாசல், இருவராக. மூன்றாவது ஆள் தொடர்ந்து ஆஸ்பத்திரிப் பக்கம். சங்கம் இருந்தால் மில் வாசல் வேலையை அதன் பெயரிலேயே நடத்தலாம். சாக்பீஸ் வரைபடக் கூட்டம் எட்டாவது மாதத்துக்கு மேல். சங்கமும் ஏற்றுமதிக் கம்பெனியும் இருக்கிற, பெண்கள் ஏற்கெனவே துணிந்து பேசத் தொடங்கிய இடமாக இருந்தால் இந்த வரிசையைத் திருப்பி, பணத்தில் பெரும்பங்கை மில் வாசலில் போடுவதே சரி.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு, வட்டாரத்திலேயே தூரத்தில் இருக்கிற காலனியிலிருந்து களப்பணியாளர் இருவர் ஆட்டோவைக் கூப்பிட்டு ஜி.எச்.சுக்குப் போகட்டும். வண்டி வர எத்தனை நிமிடம், மருத்துவமனை சேர எத்தனை நிமிடம் என்று குறிக்கட்டும். கேசுவாலிட்டியில் தாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, கர்ப்பத் தடுப்பு மாத்திரை இருக்கிறதா, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் சாவி யாரிடம், இந்த நேரத்தில் பெண் மருத்துவர் உண்டா என்று கேட்கட்டும். ‘காலையில வாங்கம்மா’ என்று பதில் வந்தால், வீட்டு வாசல் வேலையை இன்னும் ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு அந்த மூன்றையும் சரிசெய்யப் போக வேண்டும்.